கலங்கிய கூலன்ட்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தில் ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) செம்மண் கலங்கல் மாதிரி இருக்கிறது. இதன்மேல் புது கூலன்ட் ஊற்றிவிடாதே. கலந்தது எது என்று தெரியாமல் ஊற்றினால் அதுவும் பாழ்.

காலையில், வண்டி முழுக்க ஆறியபின் மூடியைத் திற. சூட்டில் திறந்தால் 100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நீர் முகத்தில் பீய்ச்சிவிடும். பழைய கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அரை மணி நேரம் அசைக்காமல் வை. அடியில் பொடி படிந்து, விரலில் நறநறத்தால் துரு. போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் இப்படித்தான் ஆகும்: கூலன்ட்டில் உள்ள துருத் தடுப்பு மருந்து நீர்த்துப்போய் இன்ஜின் இரும்பு அரிக்கும், உப்பு ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும்.

மேலே வழவழவென்று ஆடை மிதந்தால் எண்ணெய். உடனே டிப்ஸ்டிக்கை (இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவிப் பார். ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருந்தால் சாவியே போடாதே, கட்டி இழுத்துப் போகச் சொல். தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் தாங்காது. ஹெட் கேஸ்கெட்டோ (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) ஆயில் கூலரோ, கசியும் இடத்தைச் சரிசெய்யாமல் கழுவிப் பயனில்லை. எண்ணெயில் ஊறி உப்பிய ஹோஸ்களையும் மாற்றியாக வேண்டும்.

துருதான் என்றால் நீயே கழுவலாம். பழையதை வடித்து, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓட விடு. ரேடியேட்டரின் கீழ் ஹோஸும் சுட்டால்தான் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதன்பின் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, ஆறியதும் வடி. தெளிவாக வரும்வரை திரும்பச் செய்.

பலரும் தவறுவது நிரப்பும்போதுதான். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர், வடிந்தது 3 என்று வை. மீதி 2 லிட்டர் வெறும் தண்ணீர் உள்ளேயே நிற்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து விற்கும் கூலன்ட்டை 3 லிட்டர் ஊற்றினால், பாதி இருக்க வேண்டிய கூலன்ட் கடைசியில் 30 சதவீதம்தான் தேறும். அதனால் தண்ணீர் கலக்காத கூலன்ட் 2.5 லிட்டரை முதலில் ஊற்று, பிறகு அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். நிறத்தைப் பார்த்து வாங்காதே. வண்டியின் கையேட்டில் உள்ள வகையையே கேள். வகை மாறினால் சில சமயம் கூழாகத் திரண்டுவிடும்.

மூடியைத் திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி அடங்கியதும் மூடு. அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகப்படு.

வடித்ததைத் தெருவில் ஊற்றாதே, கண்ணு. இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் போய்விடும். கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடு. மறுநாள் காலை அளவைப் பார்த்துவிட்டு இன்னொரு படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா