வீட்டுக் கணினியில் உள்ள உங்கள் சொந்தக் கோப்புகள் – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எமது திருத்துமிடத்துக்கு வரும் கணினிகளில் பெரும்பாலானவை ஒரு வீட்டுக்கே பொதுவானவை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்து மாடி வீடுகளில் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருக்கும் அந்த ஒரே கணினியில்தான் தந்தை அலுவலக வேலை பார்க்கிறார், பிள்ளைகள் இணையவழி வகுப்பில் இருக்கிறார்கள், கடவுச்சீட்டு அலுவலாக ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் உறவினர் படிவம் நிரப்புகிறார். அதே கணினியில்தான் காணி உறுதியின் பிரதி, எல்லோருடைய அடையாள அட்டைகளின் ஸ்கேன், விசா விண்ணப்பத்துக்காக எடுத்த வங்கிக் கூற்றுகள், மருத்துவ அறிக்கைகள், மகளின் திருமணப் பேச்சுக்காகத் தயாரித்த சாதகக் குறிப்பும் படங்களும் இருக்கின்றன. இவற்றை வீட்டார் எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வெளியே உள்ளவர்கள் எவரும் பார்க்கக் கூடாது.

“இந்தப் போல்டரை மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒளித்துத் தர முடியுமா?” என்று பலர் எம்மிடம் கேட்கிறார்கள். முடியும்; ஆனால் அப்படிச் செய்துதர நாம் விரும்புவதில்லை. அதற்கான காரணத்தையும் அதைவிட நல்ல வழியையும் விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

விண்டோஸில் ஒரு கோப்புறையை ‘ஹிடன்’ என்று குறித்துவிட்டால் அது பட்டியலில் தெரியாது என்பது உண்மை. ஆனால் ‘வியூ’ பட்டியலில் மறைந்தவற்றைக் காட்டும்படி ஒரு தெரிவை அழுத்தினால் போதும், மறைத்த அனைத்தும் வெளியே வந்துவிடும். சாதாரண தரம் படிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். அலுமாரியில் விரித்த பத்திரிகைத் தாளுக்கு அடியில் உறுதிப் பத்திரத்தை வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. கோப்புறைக்குப் பூட்டுப் போடுவதாகச் சொல்லி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருட்களிலும் பல இதே வேலையைத்தான் சற்று அலங்காரமாகச் செய்கின்றன. இவற்றை நம்பி முக்கியமான எதையும் வைக்க வேண்டாம் என்றே சொல்லுவோம்.

இதைவிடப் பரவலான ஒரு வழக்கம் ‘டி டிரைவ்’. கொழும்பில் கணினி வாங்கும்போது வன்தட்டை சி, டி என்று இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது வெகுகாலமாக இருந்துவரும் முறை. விண்டோஸ் பழுதாகி மீண்டும் போட வேண்டி வந்தால் சி அழிந்துபோகும், டி தப்பிவிடும் என்பதால், பெறுமதியான கோப்புகளை எல்லாம் டியிலேயே வைத்துப் பழகிவிட்டோம். அந்தக் காரணம் நியாயமானது. ஆயினும் ஒரு விடயம் பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருந்தால், அவரவரது டொக்யுமன்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டொப் ஆகியவற்றை மற்றவர்கள் திறக்காதபடி விண்டோஸ் தானாகவே தடுக்கிறது. ஆனால் இந்தத் தடுப்பு சி டிரைவில் அவரவர் பெயரில் உள்ள கோப்புறைக்கு மட்டுமே உரியது. டியில் நீங்கள் புதிதாக உருவாக்கும் கோப்புறை, அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். ஆகவே நான்கு பேருக்கு நான்கு கணக்கும் நான்கு கடவுச்சொல்லும் வைத்துவிட்டு, ஆவணங்கள் அனைத்தையும் டியில் போட்டு வைத்திருக்கும் வீட்டில், அந்த ஆவணங்களைப் பொறுத்தவரை கணக்குகளைப் பிரித்ததால் ஒரு பயனும் கிடைக்கவில்லை.

எனவே முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் கணினியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு ஒன்றை அமைத்து, சொந்த ஆவணங்களை அவரவரது டொக்யுமன்ட்ஸ் கோப்புறைக்குள் கொண்டுவருவதாகும். அக்கணக்குகளில் ஒன்று மட்டுமே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ வகையாக இருக்கட்டும். ஏனையவை ‘ஸ்டாண்டர்ட்’ வகையாக இருந்தால் போதும். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருப்பவர் இன்னொருவரின் கோப்புறையைத் திறக்க முயன்றால், தொடரவா என்று விண்டோஸ் ஒரு முறை கேட்கும். ஆம் என்றால் திறந்துவிடும். எல்லோரையும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவைத்தால் எவருக்கும் தனிமை இல்லை என்பதே பொருள். இடையில் எழுந்து செல்லும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். திறந்தபடி விட்டுச் சென்ற கணக்கை எந்தக் கடவுச்சொல்லும் காப்பாற்றாது என்பதால், இந்தப் பழக்கத்தை வீட்டிலுள்ள அனைவரும் கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கடவுச்சொல் பற்றி ஒன்றே ஒன்று. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையோ அதன் ஒரு பகுதியையோ கடவுச்சொல்லாக வைப்பவர்கள் எமது வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த இலக்கம் பிறந்த ஆண்டையும், அந்த ஆண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பதையும் கொண்டு, பெண்களுக்கு அந்த நாளுடன் 500ஐக் கூட்டி, அமைக்கப்படுவது. அதாவது, பிறந்த திகதி தெரிந்தவருக்கு அதன் பெரும்பகுதி முன்னரே தெரியும். உங்கள் அட்டையின் பிரதியோ வீட்டுக் கோப்பிலேயே இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களைச் சேர்த்து ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகினால், அது நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மாட்டாது.

அடுத்துச் சொல்லப்போவதுதான் இம்மடலில் மிக முக்கியமானது. கணக்குக் கடவுச்சொல் என்பது கணினியின் வாசலில் மட்டுமே நிற்கிறது; உள்ளே வன்தட்டில் உள்ள கோப்புகள், தனியாகக் குறியாக்கம் (சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றி எழுதுதல்) செய்யப்பட்டிருந்தால் ஒழிய, எவரும் வாசிக்கக்கூடிய நிலையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. இது எமது அன்றாடத் தொழிலில் நாம் காண்பது. மதர்போர்ட் (உள்ளேயுள்ள முதன்மைப் பலகை) எரிந்துபோன கணினியிலிருந்து படங்களை எடுத்துத் தரும்படி நீங்கள் கேட்கும்போது, நாம் தட்டைக் கழற்றி, ஒரு யூ.எஸ்.பி. இணைப்பியில் பொருத்தி, வேறொரு கணினியில் செருகுகிறோம். சில வினாடிகளில் எல்லாக் கோப்புறைகளும் திரையில் வரிசையாக வந்து நிற்கும். உங்கள் கடவுச்சொல்லை அங்கே எதுவும் கேட்பதில்லை. நாம் உங்கள் அனுமதியுடன் செய்வதை, மடிக்கணினியைத் திருடியவரும் பழைய கணினியை வாங்கியவரும் அனுமதியில்லாமல் செய்ய முடியும்.

இதைத் தடுப்பது தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்வதுதான். விண்டோஸின் ‘புரோ’ பதிப்பில் பிட்லொக்கர் என்னும் பெயரில் அந்த வசதி உள்ளது. ‘ஹோம்’ பதிப்பில், கணினியின் வன்பொருள் இடம்கொடுத்தால், ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் அதே வேலையைச் செய்யும் எளிய வடிவம் கிடைக்கிறது; விண்டோஸ் 11இல் செட்டிங்ஸுக்குள் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ என்ற பகுதியில் பார்த்தால், அது இயங்குகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அப்பிள் கணினிகளில் இதற்கு ஃபைல்வோல்ட் என்று பெயர். இதை இயக்கிய பின் தட்டை வேறெங்கு கொண்டுபோய்ச் செருகினாலும் பொருளற்ற எழுத்துக் குவியலைத் தவிர வேறெதுவும் கிடைக்காது.

அந்த உறுதிக்கு மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. பிட்லொக்கருக்கும் டிவைஸ் என்கிரிப்ஷனுக்கும் 48 இலக்கங்கள் கொண்ட ஒரு மீட்புச் சாவி உண்டு. வழக்கமான நாட்களில் அது தேவைப்படாது. ஏனெனில் தட்டைத் திறக்கும் சாவி மதர்போர்டில் உள்ள ஒரு மின்னணுச் சில்லின் (சிப்) துணையுடன் காக்கப்படுகிறது. ஆனால் மதர்போர்டை மாற்ற நேர்ந்தாலோ, சில வேளைகளில் கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பித்தாலோகூட, விண்டோஸ் நீலத் திரையில் அந்த 48 இலக்கங்களைக் கேட்டு நின்றுவிடும். அது கையில் இல்லாவிட்டால் நாமும் எதுவும் செய்ய முடியாது, மைக்ரோசொப்ட் நிறுவனத்தாலும் புதிதாக ஒன்றைத் தர முடியாது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே உங்களுக்கே தெரியாமல் உங்கள் கணினி குறியாக்கம் செய்யப்பட்டிருக்கக்கூடும். அந்த நிலையில் சாவி, முதன்முதலில் எவருடைய மைக்ரோசொப்ட் கணக்கைக் கொண்டு கணினியை அமைத்தார்களோ அவருடைய கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மகன் அமைத்துத் தந்துவிட்டுக் கனடாவுக்குப் போயிருந்தால், சாவியும் அவருடைய கணக்கில்தான் இருக்கிறது. இன்றே அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தச் சாவியைத் தாளில் அச்சிட்டு, காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் இருக்கும் இடத்தில் வைப்பதே எமக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி. அதே கணினிக்குள் ஒரு கோப்பாக வைத்திருப்பதில் பயனில்லை. கணவனோ மனைவியோ, அல்லது குடும்பத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவரோ அது இருக்கும் இடத்தை அறிந்திருக்க வேண்டும். குடும்பத் தலைவர் காலமான பின், காப்புறுதிப் பத்திரங்களும் படங்களும் கணினிக்குள் அடைபட்டுக் கிடக்க, அதைத் தூக்கிக்கொண்டு எம்மிடம் வரும் வீட்டாருக்கு எம்மால் ஆறுதல் மட்டுமே சொல்ல முடிகிறது. குறியாக்கத்தை இயக்குவதற்கு முன் கோப்புகளுக்கு ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரதி இருக்கும் வெளித்தட்டையும் பூட்டிய அலுமாரியில் வைத்திருங்கள்.

தட்டுக் குறியாக்கம் கணினி அணைந்திருக்கும்போது காப்பது. நீங்கள் நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது உங்கள் கோப்புகள் திறந்தே இருக்கும். ஒரே கணக்கைப் பகிர்ந்தே ஆக வேண்டிய வீடுகளுக்கும், மின்னஞ்சலில் அனுப்ப வேண்டிய ஆவணங்களுக்கும், கோப்பையே தனியாகப் பூட்டுவது பொருத்தம். வேர்ட், எக்செல் கோப்புகளுக்கு ‘ஃபைல்’ பட்டியலின் ‘இன்ஃபோ’ பகுதியில் ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்’ என்ற தெரிவு உண்டு. 2007ஆம் ஆண்டுப் பதிப்புடன் வந்த கோப்பு வடிவத்திலிருந்து அது நம்பத்தக்கது, அதற்கு முந்திய வடிவத்தில் மிகவும் பலவீனமானது. பல கோப்புகளை ஒன்றாகப் பூட்ட, இலவசமாகக் கிடைக்கும் செவன்-ஸிப் என்னும் மென்பொருளில் ஏ.ஈ.எஸ்.-256 என்னும் வலுவான குறியாக்க முறை இருக்கிறது. கோப்புப் பெயர்களையும் மறைக்கும் தெரிவை அதில் குறித்துக்கொள்ளுங்கள். ‘மருத்துவ அறிக்கை’ என்ற பெயரே சில வேளைகளில் போதுமான செய்தியாகிவிடும். இவ்வாறு பூட்டிய பிரதியை உருவாக்கிய பின்பும் பழைய கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். அதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தால்தான் வேலை முடிகிறது. நாள்தோறும் பயன்படுத்தும் ஆவணங்களுக்கு வெரகிரிப்ட் என்னும் மென்பொருள் வசதியானது. ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, கடவுச்சொல்லைத் தந்தால் அது புதியதொரு டிரைவ் போலத் தோன்றும், மூடினால் மறைந்துவிடும். இதற்கு முன்னோடியான ட்ரூகிரிப்ட் 2014இல் கைவிடப்பட்டது. அதை இன்னும் வைத்திருப்பவர்கள் மாறிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக் கணினியைச் செம்மையாகப் பூட்டிவிட்டு, அடையாள அட்டையின் ஸ்கேனை காலி வீதியில் உள்ள ஏதாவதொரு கொமினிகேஷனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுப்பவர்களையும் காண்கிறோம். அந்தக் கோப்பு அங்குள்ள கணினியின் டவுன்லோட்ஸில் தங்கிவிடுகிறது. அச்செடுத்த உடனேயே, உங்கள் கண்முன்னே அதை அழித்துவிடும்படி கேளுங்கள். அப்படிக் கேட்பது அவமரியாதை ஆகாது.

இனி, எம்மிடம் கணினியைத் தரும்போது. திரை, விசைப்பலகை, பற்றரி, மின்விசிறி ஆகியவற்றை மாற்றுவதற்கு உங்கள் கடவுச்சொல் எமக்குத் தேவையில்லை. ஆகவே அதை நாம் கேட்கவும் மாட்டோம். எமது பற்றுச்சீட்டில் அதற்கென இடமும் இல்லை. விண்டோஸுக்குள் சென்று பார்க்க வேண்டிய கோளாறாக இருந்தால், முன்கூட்டியே ஒரு தற்காலிகக் கணக்கை அமைத்து அதன் கடவுச்சொல்லை மட்டும் தாருங்கள், அல்லது நேரில் வந்து நீங்களே தட்டச்சுச் செய்யுங்கள். மதர்போர்ட் வேலை என்றால் மீட்புச் சாவி உங்கள் கையில் இருக்கிறதா என்று உறுதிசெய்த பின்பே கணினியைத் திறப்போம். அனுமதியின்றி ஒருவருடைய கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றமாகும் என்பதை எமது பணியாளர்கள் அனைவரும் அறிவார்கள்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவடைந்ததால், பழைய கணினியைக் கொடுத்துப் புதியதை வாங்குவோர் இப்போது அதிகம். கொடுப்பதற்கு முன், ‘ரீசெட் திஸ் பீசி’யில் எல்லாவற்றையும் அகற்றும் தெரிவுடன், தட்டைச் சுத்தம் செய்யும் தெரிவையும் இயக்குங்கள். இரண்டாவதைத் தவிர்த்தால், சுழலும் வன்தட்டுகளில் அழித்த கோப்புகள் மீட்கப்படக்கூடிய நிலையிலேயே இருக்கும். கணினியே இயங்காவிட்டால் தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.

உங்கள் கணினி குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா, சாவி எவருடைய கணக்கில் இருக்கிறது, டியில் உள்ளவற்றை எங்கே மாற்றுவது என்பதைப் பார்க்க உதவி தேவைப்படுவோர் கணினியுடன் கடைக்கு வாருங்கள். உங்களை அருகில் அமர்த்திக்கொண்டே செய்துதருவோம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இவ்வண்ணம்,
கணினி விற்பனை, திருத்துமிடத்தார்,
காலி வீதி, கொழும்பு 6