மின்காருக்கு முன் வீட்டுக் கம்பியைப் பாருங்கள்: நிதி அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நிதி அமைச்சர் அவர்களுக்கும், அடுத்த வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் அமைச்சு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் வயர்மேன். இருபத்தாறு ஆண்டுகளாக இதுதான் தொழில். சுற்றியுள்ள தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான் என்னும் குடியிருப்புகளிலும், மலிவு விலை வீடுகளிலும் நான் ஏறாத கூரை குறைவு. வீட்டில் மின்கார் சார்ஜர் பொருத்த நீங்கள் தரும் வருமான வரிக் கழிவு எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அடுப்படிச் சுவர் சுடுகிறது. ரப்பர் கருகும் வாடை வருகிறது. உடனே வா" என்றார். முப்பது ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் அவர். ரப்பர் வாடையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுப்படி பிளக்கிலிருந்து ஒரு நீட்டிப்புக் கம்பிச் சுருள் ஜன்னல் வழியாகப் போர்ச்சுக்குப் போயிருந்தது. அங்கே அவர் மகன் வாங்கிய சிறிய மின்கார் நின்றது. மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கை இழுத்தேன், வரவில்லை. உள்ளே பிளாஸ்டிக் இளகி ஊசியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொறடு போட்டுத்தான் பிடுங்கினேன். சுவிட்ச் முகப்பைக் கழற்றியபோது, பின்னாலிருந்த கம்பியின் உறை விரல் பட்டதும் பொரித்த அப்பளம் போல நொறுங்கி விழுந்தது. கம்பிச் சுருளைப் பிரிக்காமலேயே விட்டிருந்தார்கள். சுருண்டு கிடக்கும் கம்பியில் பத்து ஆம்பியர் இரவு முழுதும் ஓடினால் சூடு போக வழி ஏது?

பிறகு வெளியே போய் எர்த் தடியைத் தேடினேன். கறிவேப்பிலைச் செடியின் அடியில் இருந்தது. கிளிப் பச்சை பூத்து உடைந்திருந்தது. கம்பி தடியைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளி மண்ணில் கிடந்தது. அந்த வீட்டுக்கு எத்தனை ஆண்டுகளாக எர்த் இல்லையோ, யாருக்கும் தெரியாது. நம் நாட்டில் வீட்டுக்கு வீடு தனியாகத் தடி அடித்துத்தான் எர்த் எடுக்கிறோம். அந்தத் தடி போனால் மின்கசிவுக்குப் பாதுகாப்பு போயிற்று. கார் ஒரு பிழையும் செய்யவில்லை. அக்காவின் மகனும் அறியாப் பிள்ளை அல்ல, ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பழுது அந்த வீட்டின் கம்பிகளில் இருந்தது. எண்பதுகளில் கட்டிய வீடு. அப்போது ஒரு மின்விசிறி, நாலு விளக்கு, ஒரு தொலைக்காட்சிக்குக் கணக்குப் போட்டு இழுத்த கம்பிகள் அவை.

அன்று மதியமே அந்த வீட்டுக்கு முறையான சார்ஜர் போட என்ன செலவாகும் என்று எழுதிக் கொடுத்தேன். சார்ஜர் பெட்டி 2,300 வெள்ளி (ரிங்கிட்). அதோடு முடியவில்லை. மெயின் போர்டை முழுதாக மாற்ற 1,100, போர்ச் வரைக்கும் தனிக் கம்பியும் குழாயும் 650, மின்காருக்கென்றே வரும் மின்கசிவுச் சுவிட்ச் 500, புதிய எர்த் தடி 250, கூலி 700. மொத்தம் 5,500 வெள்ளி. இதில் சார்ஜரின் விலை பாதிக்கும் குறைவு என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். புதிய தாமானில் நல்ல போர்டு உள்ள வீட்டுக்காரர் சார்ஜருக்கும் ஒரு கம்பிக்கும் காசு கொடுத்தால் போதும். பழைய வீட்டில் இருப்பவர்தான், அதாவது கையில் குறைவாக உள்ளவர்தான், அதிகம் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

அக்கா கேட்ட முதல் கேள்வி, "அரசாங்கம் ஏதோ 2,500 வெள்ளி கொடுக்கிறதாமே?" என்பதுதான். நான் உட்கார்ந்து விளக்கினேன். அது கையில் தரும் பணம் அல்ல. மின்கார் சார்ஜர் வாங்கவும் பொருத்தவும் ஆகும் செலவில் 2,500 வெள்ளி வரை, வரி விதிக்கும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2022-ஆம் வரி ஆண்டில் தொடங்கி, பிறகு 2027 வரை நீட்டிக்கப்பட்ட சலுகை அது. மகனின் சம்பளம் மாதம் 3,600 வெள்ளி. ஆண்டுக்கு 43,200. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிக் கழிவு 4,000 போக மிச்சம் 30,200. அதற்கு வரி 456 வெள்ளி. வரி விதிக்கும் வருமானம் 35,000-க்குள் இருப்பதால் கிடைக்கும் 400 வெள்ளித் தள்ளுபடி போகக் கட்ட வேண்டியது 56 வெள்ளி. ஆகவே, சார்ஜருக்கு 5,500 வெள்ளி செலவழிக்கும் அந்தப் பிள்ளைக்கு உங்கள் சலுகையால் மிஞ்சக்கூடியது அதிகம் போனால் 56 வெள்ளி. மற்றக் கழிவுகளையும் சேர்த்தால் அதுவும் இல்லை. வரி விதிக்கும் வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டியவர், 25 விழுக்காட்டுப் படியில் இருப்பவர், அதே 2,500 வெள்ளிக் கழிவால் 625 வெள்ளி மிச்சப்படுத்துகிறார். இந்தக் கணக்கை அந்த அக்காவுக்குச் சொல்லும்போது எனக்கு வாய் கூசியது.

"அவ்வளவு சிரமம் என்றால் வீட்டில் சார்ஜர் எதற்கு, வெளியில் போட்டுக்கொள்ளலாமே" என்று உங்கள் அதிகாரிகளில் யாராவது சொல்லலாம். அதையும் கணக்குப் பார்த்தேன். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சிறிய மின்காருக்கு 9 யூனிட் போதும். 2025 ஜூலையிலிருந்து உள்ள கட்டணப்படி, சாதாரண வீட்டுக்கு யூனிட் 44.43 சென். ஒரு நாளைக்கு 4 வெள்ளி ஆகிறது. மானிய விலையான 1.99 வெள்ளிக்குப் பெட்ரோல் போட்டால், சிறிய காருக்குச் சுமார் 4 லிட்டர், 8 வெள்ளி. வெளியிலுள்ள வேகச் சார்ஜரில் யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் எடுக்கிறார்கள், பல இடங்களில் ஒன்றரை வெள்ளியை நெருங்குகிறது. அங்கே போனால் பெட்ரோலை விட அதிகம் ஆகிறது. வீட்டில் சார்ஜ் செய்ய முடிந்தவருக்கு மட்டுமே மின்கார் சிக்கனம். மற்றவருக்கு அது கடன் மட்டுமே. 2025-க்குள் நாடு முழுவதும் பொது இடங்களில் 10,000 சார்ஜர்கள் என்ற இலக்கும் எட்டப்படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் அவை வரிசைகட்டி வரும் என்று நம்பி யாரும் கார் வாங்க முடியாது.

மின்கார் இனிப் பணக்காரர் வண்டி மட்டும் அல்ல. 2025 அக்டோபரில் புரோட்டான் இ.மாஸ் 5 அறுபதாயிரம் வெள்ளிக்குக் குறைந்த விலையில் வந்தது. ஒன்பது ஆண்டுத் தவணையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாங்கக்கூடிய விலைதான் அது. கார் வாசலுக்கு வந்துவிட்டது. வீடு அதற்குத் தயாராக இல்லை. இந்த இடைவெளியில்தான் சுவர் சுடுகிறது.

ஆகவே நான் கேட்பது இது. வரிக் கழிவை வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு நேரடி உதவித்தொகையாக ஒன்றைத் தொடங்குங்கள். அந்தப் பணத்தைச் சார்ஜர் பெட்டிக்கு மட்டும் என்று கட்டிப்போடாமல், மெயின் போர்டு, தனிக் கம்பி, எர்த், மின்கசிவுச் சுவிட்ச் ஆகியவற்றுக்கு முதலில் கொடுங்கள்.

இது உங்களுக்குப் பழகாத வழி அல்ல. ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு மேற்போகாதவர்கள் மின் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது 2,400 வெள்ளியை நேரடியாகத் தள்ளிக் கொடுத்தீர்கள். கூரையில் சூரியத் தகடு போட்ட வீடுகளுக்கு 2024-இல் 4,000 வெள்ளி வரை பணமாகவே கொடுத்தீர்கள். மின்சாரம் குறைவாக இழுக்கும் குளிர்பெட்டி வாங்கியவருக்குக் கடையிலேயே விலையைக் குறைத்தீர்கள். பிரிட்டனில், வசதியுள்ள தனி வீட்டுக்காரர்களுக்கு வீட்டுச் சார்ஜர் மானியத்தை 2022-இல் நிறுத்திவிட்டு, அடுக்குமாடியில் இருப்போருக்கும் வாடகைக்கு இருப்போருக்கும் செலவில் முக்கால் பங்கை, 350 பவுன் என்ற வரம்போடு கொடுத்தார்கள். தானாகப் போட்டுக்கொள்ள முடிந்தவரை விட்டுவிட்டு, முடியாதவரைத் தேடிப் போனார்கள். அந்த யோசனையைத்தான் கேட்கிறேன்.

பணத்துக்கு ஒரு நிபந்தனையும் வையுங்கள். எங்கள் தொழிலில் வேலை முடிந்ததும் பாரம் ஜி, பாரம் எச் என்று இரண்டு சான்றுப் படிவங்கள் உண்டு. ஒன்று மேற்பார்வையும் வேலை முடிந்ததும் பற்றியது, மற்றது சோதனை பற்றியது. தகுதி பெற்றவர் கையெழுத்திட வேண்டும். அந்த இரண்டையும் காட்டினால்தான் உதவித்தொகை என்று சொல்லுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்தில் ஒரு பெட்டியை வாங்கி, தெரிந்த பையனைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லும் பழக்கம் அதனால் குறையும். எர்த் அளந்து பார்க்காத வீட்டில் சார்ஜர் ஏறக்கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

இன்னொன்று. விற்பவர்கள் எல்லாரும் 7 கிலோவாட் சார்ஜரைத்தான் முன்னால் வைக்கிறார்கள். அது 32 ஆம்பியர் இழுக்கும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மெயினில் இருப்பது பெரும்பாலும் 40 ஆம்பியர் சுவிட்ச். காரும் சுடுநீர்க் கருவியும் குளிர்சாதனமும் ஒரே நேரத்தில் ஓடினால் தாங்காது. உடனே "மூன்று பேஸ் போடுங்கள்" என்று இன்னும் சில ஆயிரம் வெள்ளிக்கு விலை சொல்கிறார்கள். தேவையே இல்லை. சார்ஜரை 16 ஆம்பியரில் வைத்தால் 3.7 கிலோவாட் கிடைக்கும். ஈப்போ போய்வந்த 9 யூனிட்டை இரண்டரை மணி நேரத்தில் ஏற்றிவிடும். 30 யூனிட் பேட்டரியை முழுதும் காலி செய்து வந்தாலும் இரவு தூங்கி எழுவதற்குள் நிரம்பிவிடும். வீட்டுச் சுமையைப் பார்த்துத் தானே இறக்கிக்கொள்ளும் சார்ஜர்களும் வந்திருக்கின்றன. உங்கள் உதவித்தொகை இப்படிச் சிறிய, பாதுகாப்பான ஏற்பாட்டுக்கு முன்னுரிமை தந்தால், அதே பணத்தில் இன்னும் அதிக வீடுகளை எட்டலாம்.

லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் இன்னும் இருப்பவர்களையும், மலிவு விலை அடுக்குமாடியில் நாலாவது மாடியில் இருப்பவர்களையும் பற்றி ஒரு சொல். அவர்களுக்குச் சுவரும் சொந்தமில்லை, நிறுத்துமிடமும் சொந்தமில்லை. அவர்களுக்குத் தனித்தனிச் சார்ஜர் என்பது நடக்காது. குடியிருப்போர் சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ சேர்ந்து இரண்டு மூன்று சார்ஜர் வைத்து, வீட்டுக் கட்டணத்துக்கு அருகிலேயே விலை வைக்க உதவலாம். கூட்டுறவு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், இந்த ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்பா அந்தப் பத்து வெள்ளிக்கான ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அப்பா பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் பிறந்த லயத்தில் இன்ஜின் வீட்டிலிருந்துதான் மின்சாரம் வந்தது. இரவு பத்து மணிக்கு இன்ஜின் நிற்கும், பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. பட்டணத்து வீடுகளில் குளிர்பெட்டி ஓடிய காலத்தில் நாங்கள் பத்து மணிக்குள் பாடம் எழுதி முடிக்க அவசரப்பட்டோம். நான் வயர்மேன் ஆனதற்கு அந்தப் பத்து மணி இருட்டும் ஒரு காரணம். எல்லா இடத்துக்கும் வந்த பிறகுதான் எங்களுக்கு வந்தது. இந்த முறையும் அப்படி ஆகிவிடுமோ என்ற கவலை எனக்கு உண்மையிலேயே இருக்கிறது.

கார் வைத்திருப்பவனுக்கு ஏன் மானியம் என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் பதில் உண்டு. பெட்ரோலுக்கு லிட்டருக்கு லிட்டர், மாதம் தவறாமல் மானியம் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? போர்டும் எர்த்தும் ஒரு முறை செலவு. காரை விற்றாலும் அவை வீட்டோடு இருக்கும். அந்த வீட்டில் தூங்குகிறவர்களுக்கும் அது காவல்.

அக்கா வீட்டு எர்த் தடியை அன்றே மாற்றிவிட்டேன், காசு பிறகு கொடுங்கள் என்றேன். கருகிய பிளக்கையும் மாற்றியாயிற்று. மெயின் போர்டைத் தீபாவளிப் பணம் வந்ததும் மாற்றலாம் என்று மகன் சொல்லியிருக்கிறார். அதுவரை வேலை முடிந்து ஈப்போவிலேயே ஒரு மணி நேரம் காத்திருந்து, கூடுதல் காசு கொடுத்துச் சார்ஜ் செய்துவிட்டு வருகிறார். சந்தையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா கேட்கிறார்: "தம்பி, அரசாங்கத்தில் ஏதாவது சொன்னார்களா?"

அக்டோபரில் நீங்கள் வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கும்போது நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்
சுங்கை சிப்புட், பேராக்