நாலு காயில், நாலு இன்ஜெக்டர்

அன்புள்ள சேது,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டியிருந்தாய், வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக மீனா சொன்னாள், சந்தோஷம். இனி உன் ஸ்விஃப்ட் கார்.

டீலர் கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்தேன். நாலு காயில் (பிளக்கில் பொறி வர மின்சாரம் கொடுக்கும் சுருள்), நாலு பிளக், நாலு இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது), இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடி கிளீனிங். ஸ்கேனரில் வந்ததோ பி0302 என்ற ஒரே பிழைக் கோட் மட்டும். இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஸிங் அடிக்கிறது, அவ்வளவுதான். அதற்குக் கல்யாணச் சீர் மாதிரி இவ்வளவு நீளப் பட்டியலா?

பணம் கட்டும் முன் இதைச் செய். இன்ஜின் நன்றாக ஆறட்டும், சாவியை எடுத்துவிடு. ஒவ்வொரு பிளக் மேலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். ஒரு பத்து நம்பர் போல்ட், ஒரு கனெக்டர். கனெக்டர் சூட்டில் மொறுமொறுத்துப் போயிருக்கும். பூட்டை அழுத்தாமல் இழுத்தாயானால் அதன் காது ஒடிந்துவிடும். காயிலை லேசாகத் திருகி நேராக மேலே தூக்கு. இரண்டாவதை மூன்றாவது இடத்திலும், மூன்றாவதை இரண்டிலும் போட்டு, ஸ்கேனரில் அந்தப் பிழைக் கோட்-ஐ அழித்துவிட்டு ஓட்டிப் பார். பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டர் என்று வந்தால் காயில் போச்சு, ஒன்று வாங்கினால் போதும். பி0302 தானே மறுபடி வந்தால் பிளக்கையும் அதேபோல் இடம் மாற்றிப் பார். அதற்கும் நகரவில்லை என்றால்தான் இன்ஜெக்டர் பேச்சு.

தூக்கும்போது காயிலின் ரப்பர் குழலைத் தடவிப் பார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டேப்பட் கவர் கேஸ்கெட்டோ பிளக் குழி சீலோ கசிகிறது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டுப் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும். எஸ்டிமேட்டில் அந்த கேஸ்கெட் இல்லவே இல்லை, கவனித்தாயா?

பிளக்கைக் கழற்றும் முன் குழியில் காற்றடித்துத் தூசியை வெளியேற்று, சிலிண்டருக்குள் ஒரு துகளும் விழக் கூடாது. மாட்டும்போது முதல் சில சுற்று விரலால்தான். ஹெட் அலுமினியம்டா, மரை போனால் செலவு வேறு கணக்கு. கடைசி முறுக்குக்கு, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச். குமாரைத் துணைக்குக் கூப்பிடாதே, டிவிஎஸ் 50 ஞாபகம் இருக்கட்டும்.

எதற்கும் மசியவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லி, நாலு சிலிண்டர் அளவையும் எழுதி வாங்கு. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் வால்வு, இல்லையேல் ஹெட் கேஸ்கெட். அதற்குமேல் நீ கை வைக்காதே. ஹெட்டை இறக்கினால் டைமிங் செயினை மறுபடி குறி பார்த்து மாட்ட வேண்டும். அதெல்லாம் டீலரிடமோ, கைதேர்ந்த மெக்கானிக்கிடமோதான். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தாயே, முடிந்துவிட்டதா? முடியவில்லை என்றால் நான் எழுதியதில் எதையும் தொடாதே, காயில் அதில் சேருமா என்று முதலில் கேள்.

இனி விளையாட்டில்லை. செக் இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். மின்னி மின்னி எரிந்தால் உடனே ஓரங்கட்டு. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து உள்ளே இருப்பதை உருக்கிவிடும். அந்தச் செலவுக்கு முன்னால் இந்த எஸ்டிமேட் பெரிதாகவே தெரியாது. சனிக்கிழமை திருச்சிக்கு பஸ்ஸில் போ.

காயிலை மாற்றிப் போட்டதும் என்ன கோட் வருகிறது என்று எழுது. டீலரிடமே விட்டாலும் பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
முரளி