ஆண்டறிக்கை 2024–25: நம்மூர் பாரதமும் பட்டணத்து வரியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

பட்டணத்தில் வாழும் நம் ஊர்க்காரர் சங்கத்தின் வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, துக்க வீட்டுச் செலவு, ஒழுகிய கூரைக்குத் தகரம் மாற்றியது எல்லாம் அதில் வரும். போன பொதுக்குழுவில் இளைஞர்கள் கேட்ட கேள்விக்கே இந்த அறிக்கையில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். "வியாசர்பாடியில பொறந்து வளர்ந்தவங்க நாங்க. வந்தவாசிப் பக்கத்துல நடக்குற பாரதத்துக்கு எதுக்கு வருஷா வருஷம் வரி கட்டணும்?" பாரதம் என்றால் நம்மூர்த் திரௌபதியம்மன் கோவிலில் மகாபாரதக் கதையைச் சொல்லியும் ஆடியும் நடத்தும் விழா. அன்றைக்கு அவர்களை எதிர்த்துக் குரலை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் என்னிடமும் சரியான பதில் இல்லை என்று தெரிந்தது.

நம் தாத்தாமார்கள் ஏரி வறண்ட காலத்தில் பட்டணம் வந்து பெரம்பூர் பின்னி மில்லில் சேர்ந்தவர்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில் ஆட்களை வைத்துத்தான் தொடங்கியது. மாசாமாசம் சந்தா கட்டும் பழக்கம் அங்கே வந்தது. அதே நோட்டுப் பழக்கத்தில்தான் ஊர்க் கோவிலுக்கும் வசூல் ஆரம்பித்ததாக என் அப்பா சொல்வார். சம்பள நாளில் மில் கேட்டிலேயே தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்ற கோவில் வரி, கைமாறிவிடுமாம். 1996-ல் மில் மூடியதும் அந்த வசூல் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஆட்டோ ஓட்டியவர்களும், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இருந்தவர்களும், மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்களும் சேர்ந்து இழுத்துப் பிடித்ததே இன்றைய சங்கம்.

திரௌபதியம்மன் கோவில் விழாவை நோட்டீஸில் "அக்னி வசந்த மகோற்சவம்" என்று போடுகிறோம். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பாரதம்தான். குருக்ஷேத்திரப் போர் நடந்தது 18 நாள் என்பதால் கூத்தும் ஒரு காலத்தில் 18 இரவு நடந்ததாம். என் சின்ன வயதில் 12 பார்த்திருக்கிறேன். இப்போது 10. கொடியேற்றிக் காப்புக் கட்டிவிட்டால் பகலில் பிரசங்கியார் தமிழ்ப் பாட்டில் உள்ள மகாபாரதமான வில்லிபாரதம் பாடி விளக்கம் சொல்வார். வில்லிபுத்தூரார் பாடியது 4,300 பாடலுக்கு மேல். பத்து நாளில் முழுதும் ஆகாது. அன்றைய இரவுக் கூத்துக்குத் தேவையானதை எடுத்துக்கொள்வார். பகலில் காதில் விழுந்த கதைதான் ராத்திரி கண் முன்னால் வரும். திரௌபதி கல்யாணம், துகிலுரிதல், கிருஷ்ணன் தூது, அரவான் களபலி (போருக்கு முன் அரவானைப் பலி கொடுப்பது), கர்ண மோட்சம் என்று வரிசையாக.

அர்ச்சுனன் தபசு அன்றைக்குப் பெண்கள் கூட்டம் அதிகம். உயரமாக நட்ட தபசு மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் வீசுவார். குழந்தை வேண்டி நிற்பவர்கள் முந்தானையை விரித்துக் கீழே காத்திருப்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். திடலில் துரியோதனனை மண்ணால் படுக்க வைத்தபடி செய்து, பீமன் தொடையைப் பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி. அந்த மண் உருவம் எங்களைவிடப் பத்து மடங்கு நீளம். விடியற்காலையில் அதைச் சுற்றி ஓடித் திட்டு வாங்கியது இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கு நினைவிருக்கும்.

2020-லும் 2021-லும் கொரோனாவால் கொடி ஏறவில்லை. அதைப் பேசி இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை.

இந்த ஆண்டுச் சித்திரையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு முதல் இருக்கிற ஒலி மாசு விதி. கூத்து தொடங்குவதே பத்துக்கு மேல்தான். இதுவரை பேசிச் சமாளித்தோம். இம்முறை களபலி இரவன்று மைக்கைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். நம் பையன்கள் சண்டைக்குப் போகப் பார்த்தார்கள். கூத்து வாத்தியார்தான் தடுத்தார். "எங்க தாத்தா மைக்கு வச்சா ஆடுனாரு?" என்று கேட்டுவிட்டுக் கட்டை கட்ட, அதாவது வேஷத்துக்கான மர அணிகளைப் பூட்ட, போனார். கல்யாண முருங்கையில் செதுக்கிய கிரீடமும் தோளில் கட்டும் புஜகீர்த்தியும் ஏறியதும், முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியப் பெட்டியும் மட்டும் துணையாக, கதையை நடத்திச் செல்லும் கட்டியக்காரன் குரல் கடைசி வரிசை வரை கேட்டது. பின்னால் நாற்காலியில் இருந்தவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கூத்தாடும் களரியைச் சுற்றி நெருக்கமாக ஒரு கூட்டம் பார்த்தேன். அடுத்த ஆண்டும் மைக் வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. வாத்தியாரின் தொண்டை என்ன சொல்கிறது என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தீமிதிக்குப் பணம் தேடவே வேண்டியதில்லை. வேண்டுதல்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள், விறகு உபயத்துக்குப் போட்டி. அன்னதானமும் அப்படியே. உபயதாரர் கிடைக்காதவை இரண்டுதான்: பகல் பிரசங்கம், இரவுக் கூத்து. அவை இரண்டும் நம் பட்டணத்து வரியில்தான் ஓடுகின்றன. நாம் நிறுத்தினால் கொடி ஏறும், தீ மிதிப்பார்கள், நடுவில் பாட்டுக் கச்சேரி வரும். பாரதம் மட்டும் இருக்காது. பிரசங்கத்தை மூன்று நாளாகக் குறைக்கலாம் என்று ஊரிலிருந்து வந்த யோசனையை அதனால்தான் செயற்குழு ஏற்கவில்லை. கேட்பவர்கள் பத்துப் பாட்டிகள்தான் என்கிறார்கள். ராத்திரி பேரப்பிள்ளைக்கு "இப்போ வர்றவன்தான் சகுனி" என்று சொல்வது அந்தப் பத்துப் பேர்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு திரௌபதியம்மன் கோவில், யார் உள்ளே வரலாம் என்ற தகராறில் 2023-ல் பூட்டி சீல் வைக்கப்பட்டது. நம்மூர்ச் சாமி ஊர்வலம் எந்தெந்தத் தெருவுக்குப் போகிறது, எதற்குப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வியாசர்பாடியில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்த நாம், ஊருக்குப் போனதும் வாயை மூடிக்கொள்கிறோம். எல்லாத் தெருவுக்கும் சாமி வந்தால்தான் அடுத்த ஆண்டு வரியைக் கொடுப்பது என்ற தீர்மானம் இன்று முன்வைக்கப்படுகிறது. எதிர்ப்பு இருப்பவர்கள் இங்கேயே பேசவும், டீக்கடையில் வேண்டாம்.

பேருந்து நிலையம் கிளாம்பாக்கம் போனபின் இங்கிருந்து அங்கே சேருவதே அரை நாள் பாடாகிவிட்டது. ஆகவே தை மாதம் கூத்து ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) அடுத்த விழாவுக்கான பாக்கு வைத்து ஒப்பந்தம் பேச அம்பேத்கர் கல்லூரி சாலையிலிருந்து வேன் பிடித்திருக்கிறோம். நான்கு இடம் காலி. கேள்வி கேட்ட தம்பிகள் முதலில் பெயர் கொடுத்தால் பெரியவர்கள் விட்டுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்