இருபது நிமிடத்தில் போலோனீஸா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த 'பாஸ்தா போலோனீஸ்' குறிப்பைப் படித்தேன். கொத்துக்கறியை இருபது நிமிடத்தில் இறக்கச் சொல்லியிருக்கிறீர்கள். போதாததற்குக் கரம் மசாலா, பூண்டு விழுது வேறு. ருசியாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. பெயர்தான் உறுத்துகிறது.

போலோனீஸ் என்பது இத்தாலியின் போலோனியா நகரத்துக் கறிக் குழம்பு. அந்த நகர வணிகச் சபையில் இதன் செய்முறையை 1982-லேயே பதிவு செய்துவிட்டார்கள். மாட்டிறைச்சி, கொழுப்புள்ள பன்றி இறைச்சி, வெங்காயம், கேரட், செலரி, ஒயின், கொஞ்சம் தக்காளி, பால். பூண்டு கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் இதை நாடா போன்ற டாலியாடெல்லே என்ற பாஸ்தாவோடுதான் சாப்பிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் ஆட்டுக் கொத்துக்கறிதான், ஒயினும் இல்லை. அதனால் நான் போலோனீஸ் என்று சொல்லிக்கொள்வதில்லை, கறி பாஸ்தா என்பேன். ஆனால் நிதானத்தில் கை வைப்பதில்லை. காய்களைப் பொடியாக நறுக்கி, சிறுதீயில் சிவக்காமல் வதக்க வேண்டும். அப்புறம் கறியைப் போட்டுத் தீயைக் கூட்டினால் முதலில் தண்ணீர் விட்டுச் சளசளக்கும். அது சுண்டி, சட்டியின் அடியில் படபடவென்று பொரியும் சத்தம் கேட்ட பிறகே தக்காளி. பிறகு சிறுதீயில் இரண்டு மணி நேரம், நடுவில் கொஞ்சம் பால்.

இன்னொன்று. வெந்த பாஸ்தாவைக் குழாயடியில் அலசச் சொல்லியிருப்பது வேண்டாத வேலை. மேலிருக்கும் மாவுச்சத்து போய்விட்டால் குழம்பு எதில் ஒட்டும்? வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்துக் குழம்போடு கலக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரம்பூர்