மாத்திரைக்கு முன் மூட்டு நீரை எடுங்கள்

மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களைப் பார்க்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் எலும்பு அறுவை மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

செயற்கை மூட்டு சிவந்து வீங்கினாலோ தையலில் நீர் கசிந்தாலோ உடனே ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வீக்கம் வடியும், நோயாளியும் நன்றி சொல்வார். கிருமி மட்டும் அங்கேயே இருக்கும்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டி, பயோஃபிலிம் என்ற கொழகொழப்பான படலத்துக்குள் பதுங்குகின்றன. உள்ளே மிக மெதுவாகவே பெருகுவதால் பெரும்பாலான மருந்துகள் அவற்றிடம் பலிப்பதில்லை. அரைகுறை மாத்திரை மூட்டு நீரில் மிதப்பவற்றை மட்டும் கொல்லும். பிறகு கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ஒன்றும் வளராது. எந்த மருந்து பலிக்கும் என்பதே தெரியாமல் போகும்.

கிருமி நீக்கிய சூழலில் ஊசியால் மூட்டு நீரை எடுங்கள். செல் எண்ணிக்கைக்கு, உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் கொஞ்சம், மீதி ரத்தக் கல்ச்சர் பாட்டிலில். மைக்ரோலிட்டருக்கு 3,000 வெள்ளணுக்களுக்கு மேல், அதில் நியூட்ரோஃபில் என்ற வகை 80 சதவீதத்துக்கு மேல் என்றால் தொற்றை வலுவாகச் சந்தேகியுங்கள். அறுவை முடிந்த முதல் 6 வாரங்களில் புண் ஆறும் அழற்சியே எண்ணிக்கையை ஏற்றிவிடும் என்பதால் 10,000, 90 சதவீதம் என்று வரம்பு உயரும். கல்ச்சரை 14 நாள் வைக்கச் சொல்லுங்கள். கியூட்டிபாக்டீரியம் என்ற பாக்டீரியா தாமதமாகத்தான் வளரும். புண்ணின் மேல் பஞ்சால் ஒற்றி எடுப்பது வீண், தோலில் வாழும் கிருமியே வரும். ஏற்கெனவே மாத்திரை தொடங்கியிருந்து நோயாளி நிலையாக இருந்தால், 2 வாரம் நிறுத்திவிட்டு எடுக்கலாம். தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் செப்சிஸ் என்றால் காத்திருக்கவே கூடாது: ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு மருந்து.

அறுவை மருத்துவர்களுக்கு. செயற்கை மூட்டை அகற்றாமலே சுற்றிலும் கழுவுவதென்றால் அறிகுறி தொடங்கி 3 வாரத்துக்குள், மூட்டு தளராதிருக்கையில், சிறு துளை வழியாக அல்லாமல் திறந்தே செய்யுங்கள். மூட்டின் பிளாஸ்டிக் (பாலிஎத்திலீன்) பகுதியை மாற்றாமல் கழுவினால் அதன் அடியில் உள்ள கிருமி அப்படியே தங்கும். குறைந்தது 5 திசு மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி.

ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு மட்டும். தனியாகக் கொடுத்தால் சில நாளிலேயே எதிர்ப்பு உருவாகும். புண் உலர்ந்தபின், இன்னொரு ஆன்டிபயாடிக் துணையோடு தொடங்குங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு, அதன் பலனைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு சரியும், கவனம்.

கால அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். செயற்கை மூட்டுத் தொற்று பற்றி 2021இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 6 வாரம் மருந்து பெற்றவர்களில் சுமார் 18 சதவீதத்தினருக்குத் தொற்று தொடர்ந்தது. 12 வாரம் பெற்றவர்களில் சுமார் 9 சதவீதம்.

டிஸ்சார்ஜ் தாளில் கிருமியின் பெயர், மருந்து, நிறுத்தும் தேதி மூன்றையும் எழுதுங்கள். அடுத்துப் பார்ப்பவர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
எலும்புத் தொற்றுச் சிகிச்சையில் பணிபுரிவோர்