செயலாளர் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழு உறுப்பினர்களுக்கும், மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் விவசாயிகளுக்கும் வணக்கம்.

கடந்த மே மாதம் மறைந்த வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகருக்கு முதலில் நம் அஞ்சலி. பெரிய ஆய்வாளராக இருந்தும் தாய்மொழியான மராத்தியில் அறிவியல் எழுதியவர். அரசு ஆவணத்தில் இருப்பதை, அதனால் பாதிக்கப்படப் போகிறவருக்குப் புரியும் தமிழில், கணக்கோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலையும்.

ஆண்டின் தொடக்கம் முழுக்க மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டிதான். 2024 நவம்பரில் ஏலம் முடிந்த நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பகுதியின் 193 ஹெக்டேரும் அதற்குள் வந்தது. எதிர்ப்பு வலுத்ததும், அந்த 193 ஹெக்டேரை மட்டும் விலக்கி எல்லையை மாற்ற ஆராயலாம் என்றது மத்திய அரசு. நாம் அதை ஏற்கவில்லை. மலையில் பெய்யும் மழை சுனையில் தேங்கி, ஓடையாக இறங்கி, கண்மாயை நிரப்பி, கழுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகிறது. இந்தத் தொடரின் நடுவில் சுரங்கம் தோண்டிவிட்டு மலையை மட்டும் காப்பாற்றியதாகச் சொல்ல முடியாது.

கண்மாய்க்கரை மரத்தடியில் கிராம வரைபடத்தையும் தொகுதி வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, சர்வே எண்களைப் பென்சிலால் குறித்தோம். “எங்க மடை இதுல எங்கப்பா இருக்கு?” என்று கேட்டார் ஒரு பெரியவர். தொகுதி வரைபடத்தில் மடையும் இல்லை, வரத்துக்காலும் இல்லை. கண்மாய் வெறும் நீலத் திட்டாக இருந்தது. அவரே விரலால் ஓட்டிக் காட்டினார். அந்தக் கோடுகளைச் சேர்த்துத்தான் நம் மனு போனது.

ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை மக்கள் திரண்டு வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அது அந்த ஊர் மக்களின் வெற்றி. டங்ஸ்டனே வேண்டாம் என்று நாம் எந்த மேடையிலும் பேசவில்லை. துளையிடும் கருவிகளுக்கும் கடின உலோகங்களுக்கும் அது வேண்டும். எங்கே எடுப்பது, யாரைக் கேட்டு எடுப்பது என்பதே நம் கேள்வி.

மாடிச் சூரிய மின்சாரம் பற்றி வீட்டு வாசலில் கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். மத்திய அரசு மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பலகை நாளுக்குச் சராசரி 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 240 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் வீட்டில் முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். அந்த வீட்டுக்கு 3 கிலோவாட் போடச் சொல்லும் முகவரை நம்ப வேண்டாம் என்றே சொல்லி வருகிறோம். மின்கட்டண அட்டையைப் பார்த்த பிறகு மாடிக்கு ஏறிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் மூன்று மணிக்குப் பலகை மேல் விழுமானால், காகிதத்தில் போட்ட கணக்கு கைக்கு வராது.

காற்று விஷயத்தில் நகர்வு குறைவு. தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் மதுரையும் இருக்கிறது. காற்றில் மிதக்கும் பி.எம். 10 என்ற நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அளவீட்டை வார்டு அலுவலகங்களில் தமிழில் எழுதி வைக்கக் கேட்டோம், பதில் வரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. 2025 செப்டம்பரில் வந்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சக உத்தரவு, அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்களின் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு தந்துவிட்டது. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு பற்றிய 2006 அறிவிக்கை, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் 30 நாள் அவகாசமும் வட்டார மொழியில் மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கமும் தந்தது. நாம் முழு அறிக்கையையும் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது கூட்டமே இல்லை என்கிறார்கள். அரிட்டாபட்டி போன்ற இன்னொரு ஊருக்கு, கேள்வி கேட்கும் நாளே வராமல் போகலாம்.

உத்தரவைத் திரும்பப் பெறக் கோரும் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். வரைவு உங்கள் கையில் இருக்கிறது. மூன்றாம் பத்தியில் முழு அறிக்கையும் தமிழில் வேண்டும் என்று சேர்த்திருக்கிறோம். திருத்தம் இருந்தால் வாக்கெடுப்புக்கு முன் சொல்லுங்கள்.

செயலாளர்
மதுரை